காரணம் கேட்கப்பட்டது

நீதவான் கதிர்காமநாதன் காரை விட்டு இறங்கியதும் முதலில் கேட்பது, "பாலன், இண்டைக்கு எத்தினை?" என்பதுதான். நாம் சொன்ன வணக்கத்துக்கு அதன் பிறகுதான் பதில் வரும். நாற்பது வழக்கு என்பேன். ஒரு பெருமூச்சு விடுவார். ஐம்பத்திரண்டு என்பேன். அதற்கும் அதே அளவு பெருமூச்சுத்தான். பதினைந்து வருஷம் அவருக்குக் கீழே எழுதுவினைஞனாக இருந்தவன் நான். எழுபது என்று சொல்லியிருந்தாலும் அந்த மூச்சு ஓர் அங்குலம் கூடியிராது.

நீதவான் என்றதும் பெரிய கட்டடத்தையும் உயர்ந்த ஆசனத்தையும் நினைத்துவிட வேண்டாம். எங்களுடையது கிராமக் கோடு, ஊர்ச் சில்லறை வழக்குகளுக்கான நீதிமன்றம். வேலியை அடுத்தவன் காணிக்குள் அரக்கியது, வாய்க்காலை மறித்தது, மாடு பயிரைத் தின்றது, கிணற்றடியில் ஒருத்தியை ஒருத்தி தூஷணத்தால் பேசியது, இவைதான் எங்கள் வழக்குகள். எங்களுக்கு மேலே டிஸ்றிக் கோடு, அதற்கும் மேலே கொழும்பில் பெரிய கோடு. எங்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அப்புக்காத்துமார் என்ற பெரிய வழக்கறிஞர்கள் எங்கள் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. வழக்காளிகள் தாங்களே கத்துவார்கள், தாங்களே அழுவார்கள். வவுனியா, மாங்குளம், முல்லைத்தீவு, பரந்தன் என்று மாதத்தில் நாலு இடத்தில் கோடு கூடும். வழக்கேடுகள் நிறைந்த தகரப் பெட்டியைக் காரின் பின் ஆசனத்தில் வைத்து, அதன் பக்கத்தில் நான் ஒடுங்கி இருந்துகொண்டு போவேன். பரந்தனில் எங்களுக்கென்று சொந்தக் கட்டடம்கூட இல்லை. கிராமச் சங்க மண்டபத்தை இரவல் வாங்கியிருந்தோம். மழை பெய்தால் நீதவான் தன் மேசையைத் தானே ஒரு பக்கம் பிடித்து இழுப்பார். மறுபக்கம் நான் பிடிப்பேன்.

அவர் யாழ்ப்பாணத்தில் பிறக்கிராசியாக, அதாவது வழக்கறிஞராக இருந்தவர். அந்தத் தொழில் அவருக்குச் சரிவரவில்லை. வந்த கட்சிக்காரனிடம், "உம்மடை பக்கம்தான் பிழை, போய்ச் சமாதானமாகும்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறவரிடம் எவன் திரும்பி வருவான்? நாற்பத்தொன்பதாம் ஆண்டு இந்த உத்தியோகம் கிடைத்தது. கிடைத்தபோது மேலே போகிற படி என்று நினைத்துத்தான் வன்னிக்கு வந்தார். வந்த பிறகு படிதான் இருந்தது, மேலே போவது நடக்கவில்லை. தீர்ப்புகளைத் தன் கையாலேயே எழுதுவார். சாட்சி பொய் சொல்கிறபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். பொய்யைத் தெளிவாகப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இவரைக் கொஞ்சமேனும் களைப்பாறவிட்டது ஒன்றே ஒன்று. கோயில் சத்தியம்.

ஒருவன் மற்றவனைப் பார்த்து, "இவர் கோயிலிலை சத்தியம் பண்ணட்டும், நான் வழக்கை விடுறன்" என்று கோட்டில் சொல்லலாம். மற்றவன் சம்மதித்தால் சத்தியத்துக்கு ஒரு நாள் குறிக்கப்படும். சத்தியம் செய்தால் அவனுக்கு வெற்றி. சம்மதித்துவிட்டுப் பிறகு செய்யாமல் நின்றால் தோல்வி. சட்டத்திலேயே இதற்கு இடம் இருந்தது. முல்லைத்தீவில் வள்ளமும் வலையும் வைத்திருந்த யாகப்பு என்ற சம்மாட்டியார், தன் வலையைத் தம்பி வெட்டினான் என்று வழக்குப் போட்டார். நாலு தவணை, பதினொரு சாட்சிகள், அத்தனை பேரும் கடற்கரையில் அன்றைக்கு நின்றவர்கள், ஒருவருக்கும் கண் தெரியவில்லை. கடைசியில் அந்தோனியார் கோயிலில் சத்தியம் என்று முடிவாயிற்று. தம்பிக்காரன் கோயில் வாசற்படியிலேயே அழுது, வெட்டியதை ஒப்புக்கொண்டு, அண்ணனுக்குப் புது வலை பின்னிக் கொடுத்தான். அன்று திரும்பி வருகிறபோது நீதவான் காரில் சீட்டியடித்தார். பதினைந்து வருஷத்தில் அந்த ஒரு தரம்தான் கேட்டிருக்கிறேன்.

சத்தியம் நடக்கிற கோயிலுக்கு நீதவான் போவதில்லை. கோட்டின் சார்பில் நான் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கைக்கு ஒரு படிவத்தை அவரே தயாரித்து வைத்திருந்தார். அதில் கடைசி வரி, சத்தியம் செய்ய மறுத்தால் காரணம் கேட்டு எழுதவும் என்பது. தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு நாள் குறிக்கலாம் அல்லவா, அதற்காக. எட்டு வருஷத்தில் அந்த வரிக்கு வேலை வந்ததே இல்லை. மறுக்கிறவன் பொய்யன், பொய்யனுக்கு என்ன காரணம் இருக்கப்போகிறது என்பது என் எண்ணம்.

ஐம்பத்தேழாம் ஆண்டு ஆவணியில் ஐயாத்துரையின் வழக்கு பரந்தனுக்கு வந்தது.

ஐயாத்துரை யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து அக்கராயனில் குடியேற்றக் காணி எடுத்தவர். மூன்று ஏக்கர் வயல், மண் வீடு, ஒரு சோடி உழவு எருமை, மனைவி சிவனேஸ்வரி. இவ்வளவுதான் அவருடைய உலகம். வழக்குப் போட்டவர் முள்ளியவளைத் தவராசா. பட்டி பட்டியாக மாடும் எருமையும் வைத்திருந்தவர். போன கோடையில் மேய்ச்சலுக்கு ஓட்டிவந்தபோது தன் பட்டியிலிருந்து இரண்டு எருமைகள் தவறிவிட்டன, அவற்றைத்தான் ஐயாத்துரை பிடித்து உழவுக்குப் பழக்கியிருக்கிறார் என்பது அவருடைய வழக்கு. கன்றாக வாங்கி வளர்த்தேன் என்றார் ஐயாத்துரை. விற்றவர் செத்துப் போயிருந்தார். குறி சுட்ட இடத்தில் தோல் உரிந்து தழும்பாகிவிட்டது. அது எந்த எழுத்து என்று பிரம்மதேவனுக்கும் தெரியாது.

எருமைகள் இரண்டையும் மண்டபத்து முற்றத்தில் கட்டியிருந்தார்கள். நீதவான் வெளியே போய் நின்று, கயிறுகளை அவிழ்க்கச் சொன்னார். முதலில் தவராசா கூப்பிட்டார். எருமைகள் புல்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறகு ஐயாத்துரை தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டார். இரண்டும் அவரிடம் நடந்து வந்து அவர் தோளில் மூக்கை வைத்தன. சனம் சிரித்தது. நீதவான் உள்ளே திரும்பும்போது என்னிடம் மெதுவாக, "எருமை ஐயாத்துரையின்ரைதான் பாலன்" என்றார்.

தீர்ப்பை எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டார். அப்போதுதான் தவராசா எழும்பி நின்றார். "ஐயா, ஒரு வருசம் தவிடு வைச்சவனிட்டை எந்த எருமையும் வரும். எங்கடை ஊர் அம்மன் கோயிலிலை இவர் கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். நான் கதையாமல் போறன்."

நியாயமாகப் பார்த்தால் ஐயாத்துரை அதற்குச் சம்மதித்திருக்கத் தேவையில்லை. ஆனால் அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "ஏன் பிறகு? இப்பவே வாறன்" என்றார். சம்மதம் என்று நான் எழுதினேன். நீதவான் பேனாவை மூடி வைத்தார். மூன்று கிழமை கழித்து ஒரு திங்கட்கிழமை குறிக்கப்பட்டது.

அந்தத் திங்கட்கிழமையை நான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

விடிய முன்னம் பரந்தனில் பஸ் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, முள்ளியவளைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. கோயிலில் பூசாரியார் வரவில்லை. அவருக்கு ஆள் அனுப்பி, அவர் குளித்து வந்து, பூசை முடித்தபோது ஒரு மணியாகிவிட்டது. இரண்டு மணி பஸ்சை விட்டால் அடுத்தது மறுநாள்தான். காலையிலிருந்து ஒரு தேத்தண்ணிகூட என் வயிற்றுக்குள் போகவில்லை. புரட்டாதி வெய்யில் தலையைப் பிளந்தது.

ஐயாத்துரை ஓரமாக நின்றார். முகம் மழிக்காமல் தாடி வளர்ந்திருந்தது. தவராசாவும் ஊரவர்கள் பத்துப் பேரும் சுற்றி நின்றார்கள். பூசாரியார் வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். உள்ளங்கையால் அதை அணைத்து, "இது என்ரை எருமை, பொய்யெண்டால் அம்மன் என்ரை வீட்டைப் பாக்கட்டும்" என்று சொல்ல வேண்டும், தண்டனை வீட்டாரின் தலையில் விழட்டும் என்று அர்த்தம். ஐயாத்துரை கையைக் கொண்டுபோனார். சுவாலைக்கு மேலே கை நின்றது. பிறகு கையை எடுத்துவிட்டார்.

"நான் பண்ணமாட்டன்" என்றார்.

சனம் முணுமுணுத்தது. தவராசா சால்வையை உதறித் தோளில் போட்டார். நான் படிவத்தை விரித்து, மதிலில் வைத்து எழுதினேன். எதிராளி சத்தியம் செய்ய மறுத்தார். காரணம் கேட்கப்பட்டது, சொல்லவில்லை. அப்படித்தான் அந்த வரியை நிரப்புவது என்று எனக்குள் முடிவாகியிருந்தது. ஐயாத்துரையிடம் நீட்டினேன். வாசித்துப் பார்க்காமல் பெயரை எழுதினார். கடதாசிகளைச் சுருட்டி நான் நடந்தபோது பின்னாலேயே இரண்டு எட்டு வந்து, "ஐயா, ஒரு கதை" என்றார். "எதெண்டாலும் கோட்டிலை சொல்லும்" என்றேன். பஸ் கிடைத்தது. இருக்க இடமும் கிடைத்தது.

அடுத்த தவணையில் நீதவான் என் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஐயாத்துரையில் அவர் நம்பிக்கை வைத்திருந்தார், அது போய்விட்டது. அந்தக் கோபம் குரலில் தெரிந்தது.

"உதென்ன தாடி? நேர்த்தியோ?"

"ஓம் ஐயா."

"சத்தியத்துக்குப் பயந்துபோட்டு அம்மனுக்கு நேர்த்தி வைச்சு என்ன காணப்போறீர்?"

ஐயாத்துரை மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு அறுபது பேராவது இருந்திருப்பார்கள், அக்கராயன் ஆட்களும் பலர். காரணம்தான் ஏற்கெனவே கேட்டாயிற்றே, அதனால் நீதவான் மறுபடி கேட்கவில்லை. எருமைகள் இரண்டும் தவராசாவுக்கு என்று தீர்ப்பாயிற்று. தவராசாவின் ஆட்கள் அவற்றை ஓட்டிக்கொண்டு போனபோது ஐயாத்துரை சால்வைத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் கூப்பிட்டிருந்தால் அவை திரும்பி வந்திருக்கும். அவர் கூப்பிடவில்லை. மழை தொடங்க இரண்டு கிழமைதான் இருந்தது, ஊரெல்லாம் உழவுக்கு ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. அதற்குள் எத்தனையோ வேலி, எத்தனையோ வாய்க்கால். ஐம்பத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் ஒரு நாள், பரந்தன் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் கார் நின்றது. பஸ்சுக்கு நின்ற சனத்தில் ஐயாத்துரையைக் கண்டோம். முகம் மழித்துத் துப்புரவாக இருந்தார். பக்கத்தில் சிவனேஸ்வரி, இடுப்பில் ஒரு பெண்குழந்தை. எங்களைக் கண்டு அவர் ஒளியவில்லை, மரியாதையாகச் சால்வையை இறக்கினார். நீதவான் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "பிள்ளைக்கு எத்தினை மாசம்?" என்று கேட்டார்.

"ஏழு முடியுது ஐயா. முந்தி மூண்டு தங்கேல்லை. இது அம்மன் தந்தது" என்றா சிவனேஸ்வரி.

நீதவான் காரில் ஏறினார். தேத்தண்ணி வந்தது, அவர் குடிக்கவில்லை. மடியில் கையை வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடித்தார். ஏழு மாதம் பின்னே போய், அங்கிருந்து பத்து மாதம் பின்னே போனார். எங்கே போய் நிற்கிறார் என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

"பாலன், அந்தத் தாடி" என்றார்.

பெண்சாதி பிள்ளைத்தாச்சியாக இருந்தால் புருஷன் முகம் மழிக்கமாட்டான். பாம்பை அடிக்கமாட்டான். எரிகிற சுடரைக் கையால் அணைக்கமாட்டான். வீட்டைப் பார்க்கச் சொல்லி அம்மன் முன்னால் சத்தியம் பண்ணவே மாட்டான், சொல்வது உண்மையாக இருந்தாலும். மூன்று பிள்ளை தவறிய வீட்டில், ஏழாம் மாதம் வரும் வரை அதை வாய்விட்டு வெளியே சொல்லவும் மாட்டார்கள். கண்ணூறு பட்டுவிடும். இதெல்லாம் எங்கள் ஊரில் எழுத வாசிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும். ஆவணியில் அவர் சம்மதித்தபோது வீட்டில் அந்தச் செய்தி இல்லை. புரட்டாதியில் இருந்தது. நாங்கள் இருவரும் அந்தத் தாடியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, சட்டப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நாலு பிள்ளை பெத்தவன் நான்" என்றார் நீதவான். "நாலு தரம் தாடி வளர்த்தனான்."

அதன் பிறகு அவருக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். அந்தத் தீர்ப்பை யாராவது உடைக்க வேண்டும். தன் தீர்ப்பைத் தானே மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. மேல் கோட்டுக்கு அப்பீல் போகிற நாள் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் ஐயாத்துரை நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்து ஒரு சத்தியக் கடதாசி கொடுத்து, நீதவானும் தன் தீர்ப்பு தவறு என்று ஒரு கடிதம் வைத்தால், காலம் தாழ்ந்த அப்பீலை எடுத்துக்கொள்ள இடமிருந்தது. அந்தக் கடிதத்தின் பிரதியைக் கொழும்புக்கும் அனுப்ப வேண்டுமென்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பத்து வருஷம் காத்திருந்து, மேல் கோட்டு உத்தியோகத்துக்கு அவருடைய பெயர் அப்போதுதான் போயிருந்தது.

"ஐயா, நியமனக் கடிதம் வாற நேரம். இப்ப போய்ப் பிழை விட்டனான் எண்டு எழுதினா அவங்கள் என்ன நினைப்பாங்கள்?"

"பிழை விட்டனான் எண்டு நினைப்பாங்கள்" என்றார்.

சத்தியக் கடதாசியை அவரே எழுதினார். எருமைக்காக ஒரு நீதவான் அவ்வளவு அழகாக எழுதி நான் பார்த்ததில்லை. கொழும்புக்கான கடிதத்தை ஒரு வெள்ளிக்கிழமை என் கையால் தபாலில் போட்டேன்.

தை பிறந்து அறுவடை நடந்துகொண்டிருந்தபோது அக்கராயனுக்குப் போனோம். வீதியிலிருந்து வரம்பால் நடக்க வேண்டியிருந்தது. நீதவானுக்கு இழுப்பு, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஐயாத்துரையின் மூன்று ஏக்கரில் ஒன்றில்தான் நெல் நின்றது. மற்ற இரண்டிலும் புல். எருமை போன முதல் வருஷம் புருஷனும் பெண்சாதியுமாக மண்வெட்டியால் கொத்தி விதைத்தார்களாம், அவ வயிற்றுப் பிள்ளையோடு குனிய முடியாமல் இடையில் விட்டாவாம். இந்த வருஷம் இரவல் மாட்டுக்கு முறை வந்தபோது ஈரம் போய்விட்டதாம். குடியேற்ற அதிகாரி வந்து, காணியைச் செய்யாவிட்டால் திருப்பி எடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதெல்லாம் பக்கத்து வளவுக்காரர் சொன்னது. நாங்கள் இருப்பதற்கு அவர்தான் தன் வீட்டுக் கதிரை இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நீதவான் சுற்றி வளைக்கவில்லை. "நான் தந்த தீர்ப்புப் பிழை. நீர் ஏன் சத்தியம் பண்ணேல்லை எண்டு இப்ப எனக்குத் தெரியும். இதிலை கையெழுத்து வையும். எருமையைத் திருப்பி எடுக்கலாம்."

ஐயாத்துரை கடதாசியை வாங்கவில்லை. முதலில் கையை வேட்டியில் துடைத்தார். பிறகு வாங்கினார். அவருடைய கண் கலங்கிவிட்டது. "அதுகள் இப்பவும் அவரிட்டை நிக்குதோ ஐயா?" என்று கேட்டார்.

"நிக்குது. விசாரிச்சனான்."

பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினார். அப்போது குசினி வாசலில் நின்ற சிவனேஸ்வரி குழந்தையோடு முன்னால் வந்தா. மடிப்புக் கலையாத சேலை, எங்களுக்காக மாற்றியிருக்கிறா. குழந்தையை நீதவானின் காலடியில் பாயில் இருத்தினா.

"ஐயா கோவிக்கக்கூடாது. அண்டைக்கு ஐயா அப்பிடித் தீர்ப்புச் சொல்லாட்டி இவள் அருந்ததி இல்லை" என்றா. "மூண்டையும் எடுத்தவ அம்மன். நாலாவதை விட்டிட்டு எருமையை எடுத்தவ. நான் அப்பிடித்தான் நம்பி இருக்கிறன். இப்ப எருமையைக் கொண்டந்து கட்டினா அவ என்னட்டை எதைக் கேப்பா?"

"பிள்ளை, அது அம்மன் எடுக்கேல்லை. நான் பிழையாய் எழுதினது."

"ஐயான்ரை கையாலை எடுத்தவ" என்றா அவ. எரிச்சலில்லாமல், மிகுந்த மரியாதையோடு சொன்னா. பிறகு குனிந்து நீதவானின் காலைத் தொட்டுக் கும்பிட்டா. அவர் காலை இழுத்துக்கொண்டார். கதிரை பின்னால் சாய்ந்தது, நான் பிடித்தேன்.

ஐயாத்துரை பேனாவை வைத்துக்கொண்டு பெண்சாதியைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். குழந்தை கடதாசியின் நுனியைப் பிடித்து வாயில் வைத்துச் சூப்பியது. அவர் அதை மெதுவாக விடுவித்து, மடித்து, பேனாவோடு நீதவானிடம் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம் ஐயா. அவ பயப்பிடுறா. இவளுக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலும் எருமையாலை எண்டுதான் நினைப்பா."

"காணி?"

"கொத்துவம் ஐயா."

நீதவான் அந்தக் கடதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, "கோயிலிலை காரணம் கேட்டவை. அப்ப ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே ஐயாத்துரை. நான் தவணை போட்டிருப்பன்" என்றார். குறை சொல்கிற குரலில்லை. ஏறக்குறையக் கெஞ்சுகிற குரல்.

"ஒருதரும் கேக்கேல்லை ஐயா" என்றார் ஐயாத்துரை. "கேட்டிருந்தா காதுக்குள்ளை சொல்லியிருப்பன். இவரோடை கதைக்கப் பின்னாலை போனனான். இவருக்குப் பஸ் அவசரம்."

அதையும் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குப் பஸ் அவசரம் என்பதை விளங்கிக்கொண்ட மனிதராகத்தான் சொன்னார். நீதவான் என் பக்கம் திரும்பவில்லை. குழந்தையின் தலையில் கையை வைத்தார், எழும்பினார், வரம்பால் நடந்தார்.

பரந்தன் வரும்வரை, கேட்கப்போகிறார், இப்போது கேட்கப்போகிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கேட்டால் சொல்வதற்கு வெய்யில், பசி, பூசாரியார் என்று வரிசையாக வைத்திருந்தேன். சந்தியில் கார் நின்றதும் அவர் வாயைத் திறந்தார்.

"நாளைக்கு எத்தினை?"

"நாப்பத்தாறு ஐயா."

அதே பெருமூச்சு.

மேல் கோட்டு உத்தியோகம் அவரிலும் பத்து வயது குறைந்த ஒருவருக்குப் போயிற்று. கொழும்பிலிருந்து அவருடைய கடிதத்துக்கு, கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. கோயில் சத்தியம் கேட்டு வந்தவர்களை அதன் பிறகு அவர் கோயிலுக்கு அனுப்பவேயில்லை. "சாட்சியைக் கொண்டாருங்கோ, நான் இருந்து கேக்கிறன்" என்பார். இருந்து கேட்டார். ஒரு வேலிக்கு ஆறு தவணை, ஒரு கன்றுக்குட்டிக்கு ஒன்பது தவணை. ஒவ்வொருவரையும், ஏன், ஏன் என்று கேட்பார். பதில் வராவிட்டால் மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தனியாகக் கேட்பார். சனத்துக்கு அலுப்பு. எனக்கு அதைவிட அலுப்பு. வழக்கேடுகள் ஒரு பெட்டி இரண்டு பெட்டியாகி, மூன்றாவதும் வாங்கினோம். ஐந்து வருஷம் இப்படிப் போயிற்று. அந்த ஐந்து வருஷத்தில் ஒரு நாளாவது, "பாலன், நீர் கேட்டனீரோ?" என்று என்னை அவர் கேட்டதில்லை. ஊரையெல்லாம் கேட்ட மனிதர் என்னை மட்டும் கேட்கவில்லை.

அறுபத்துநாலில் ஓய்வு பெற்றார். கடைசித் தவணை பரந்தனில். மாலை, சனம் கலைந்த பிறகு, அடுத்து வருகிற நீதவானுக்கு ஒப்படைக்கும் வழக்கேடுகளின் பட்டியலை நான் வாசிக்க, அவர் ஏடுகளைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். ஐம்பத்தேழாம் ஆண்டுக் கட்டு வந்ததும் கயிற்றை அவிழ்த்தார். எந்த ஏட்டை எடுப்பார் என்று எனக்குத் தெரியும். எடுத்தார். என்னுடைய படிவத்தைத் திறந்து, கடைசி வரியில் விரலை வைத்தார். நெடுநேரம் விரல் அங்கேயே இருந்தது.

அதுதான் எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம். நான் கேட்கவில்லை ஐயா என்று சொன்னால் முடிந்துவிடும்.

"இதிலை பிழை என்ரை" என்றார் அவர். "தீர்ப்பு எழுதினது நான்தானே. நீர் ஒண்டையும் மனதிலை வைச்சிருக்க வேண்டாம்."

"பட்டியல் சரி ஐயா. கையெழுத்து வையுங்கோ" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாமலே கையெழுத்தை வைத்தார்.

போன மாசி அவர் காலமாகிவிட்டார். செத்த வீட்டுக்குப் போய் வந்து இதை எழுதுகிறேன். ஐயாத்துரையின் காணியைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். அவர் இப்போது பிறர் வயலில் கூலிக்குக் கொத்துகிறார். அருந்ததி பள்ளிக்கூடம் போகிறாள். அந்த வழக்கேடு எங்கே கிடக்கிறதோ தெரியாது, அதில் என் வரி அப்படியேதான் இருக்கும். காரணம் கேட்கப்பட்டது என்று எழுதியவன் நான். நான் கேட்கவில்லை. அவர் சொல்வதற்கு என் பின்னால் வந்தார், நான் பஸ்சுக்குப் போனேன்.